ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருவர்

பிளஸ் டூ மாணவர்களிடம் உயர்கல்வி பற்றிப் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஐ.டி. வேலைன்னா கோடிங் தெரியணும்தானே சார்? நான் காமர்ஸ் குரூப் ஆச்சே!" மென்பொருள் நிறுவனங்களில் கோடிங்கை முதன்மையாகக் கொள்ளாத வேலைகளும் உண்டு. புராடக்ட் மேனேஜர் எனப்படும் தயாரிப்பு மேலாளர், டேட்டா அனலிஸ்ட் எனப்படும் தரவு ஆய்வாளர் ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை.

ஒரு செயலியில் என்ன புதிய வசதி வேண்டும், அது யாருக்காக, எதற்காக என்று தீர்மானிப்பவர் மேலாளர். அந்தத் தீர்மானத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று எண்களைக் கொண்டு சோதிப்பவர் ஆய்வாளர். இருவரும் சேர்ந்து எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை, மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு பொத்தானைக் கொண்டே விளக்கலாம்.

நெட்ஃபிளிக்ஸில் 2017இல் அறிமுகமான 'ஸ்கிப் இன்ட்ரோ' பொத்தான்தான் அது. தொடர்களின் தொடக்க இசையைத் தாண்டுவதற்காகக் காட்சியை முன்னும் பின்னும் நகர்த்துவது எரிச்சலூட்டுகிறது என்பது முதலில் ஓர் அனுபவம் மட்டுமே. பிறகு தரவைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 15 சதவீத வேளைகளில், பார்வையாளர்கள் முதல் 5 நிமிடங்களுக்குள் தொடரைக் கையால் முன்னே நகர்த்தியிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஆய்வாளர் ஓர் எச்சரிக்கை விடுக்க வேண்டும். எவ்வளவு அடிக்கடி நகர்த்தினார்கள் என்பதை 15 சதவீதம் சொல்லும். ஏன் நகர்த்தினார்கள் என்பதைச் சொல்லாது. முன்பு விட்ட இடத்தைத் தேடியும் ஒருவர் நகர்த்தியிருக்கலாம். எனவே உடனே எல்லாத் தொடர்களுக்கும் பொத்தானை வைக்காமல், அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில் 250 தொடர்களில் மட்டும் முதலில் சோதித்தார்கள்.

இத்தகைய சோதனைக்கு 'ஏ/பி டெஸ்ட்' என்று பெயர். பயனாளர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புதிய வசதி கிடைக்கும், மற்றொன்றுக்குக் கிடைக்காது. வேறு எதுவும் மாறாது. நம் அறிவியல் பாடத்தில் வரும் கட்டுப்பாட்டுச் சோதனையேதான் இது.

சோதனை தொடங்கும் முன்பே இருவரும் எழுதி வைக்க வேண்டியவை மூன்று: எந்த எண் உயர வேண்டும்? எவ்வளவு உயர்ந்தால் வெற்றி? எந்த எண் குறையவே கூடாது? முடிவைப் பார்த்த பிறகு இலக்கைத் தேடினால், இருபது எண்களில் ஏதோ ஒன்று தற்செயலாகக் கூடியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு "வெற்றி" என்று சொல்லிவிட முடியும். மாதக்கணக்கில் உழைத்த மேலாளரிடமும் "பயன் தெரியவில்லை" என்று ஆய்வாளர் தயங்காமல் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும் மனம் மேலாளருக்கு வேண்டும்.

மேலாளருக்கும் எண்களுக்கு அப்பாற்பட்ட கடமை உண்டு. செயலியைப் பயன்படுத்துவோரின் செயல்களை மட்டுமே தரவு பதிவு செய்யும். பயன்படுத்த முடியாமல் விலகியவர்களிடம் நேரில் பேசித்தான் அறிய வேண்டும்.

அந்தப் பொத்தான் ஒரு சாதாரண நாளில் 13.6 கோடி முறை அழுத்தப்படுவதாகவும், அதனால் மொத்தம் 195 ஆண்டு நேரம் மிச்சமாவதாகவும் 2022இல் அந்நிறுவனம் அறிவித்தது. நம்பலாமா? 195 ஆண்டுகளை வினாடிகளாக்கி 13.6 கோடியால் வகுக்கச் சொல்லுங்கள். ஒரு முறைக்குச் சுமார் 45 வினாடி வரும். ஒரு தொடக்க இசையின் நீளத்தோடு இது பொருந்துகிறது. பெரிய எண்ணைக் கண்டு மலைக்காமல் இப்படிச் சரிபார்ப்பதுதான் ஆய்வாளரின் முதல் பழக்கம்.

வகுப்பறையிலும் இதைச் செய்து பார்க்கலாம். "மதிய இடைவேளையில் நூலகத்தைத் திறந்தால் கூடுதலாகப் புத்தகம் எடுப்பார்களா?" என்ற கேள்வியை இரு மாணவர்களிடம் கொடுங்கள். மேலாளராக இருப்பவர் சக மாணவர்களிடம் பேசித் தேவையை எழுதட்டும். ஆய்வாளராக இருப்பவர் இரண்டு வாரப் பதிவேட்டை எண்ணட்டும். எவ்வளவு கூடினால் வெற்றி என்பதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பிறகு இரண்டு வாரம் மதியத்தில் திறந்து, மீண்டும் எண்ணட்டும். இங்கே இரு குழுக்கள் இல்லை. முன்பும் பின்பும்தான் ஒப்பிடுகிறோம். இடையில் தேர்வு வந்திருந்தால் அதுவும் எண்ணை மாற்றியிருக்கும் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

எண்ணிக்கை கூடாவிட்டாலும் அந்த முடிவை அப்படியே வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். காமர்ஸ் குரூப் மாணவருக்கும் இந்த வேலை கைவரும் என்பதை அவரே அன்று உணர்வார்.