உலகப் பொருளாதார மந்தமும் கப்பற் போக்குவரத்தும்: 1930களின் பேராக் தோட்டங்களை முன்வைத்து

கப்பல் தொழில் தனித்து நிற்கும் தொழிலன்று. சரக்கும் பயணிகளும் இருந்தால்தான் கப்பலுக்கு வேலை உண்டு. செழிப்புக் காலத்தில் கட்டப் பணிக்கப்படும் கப்பல் சில ஆண்டுகள் கழித்தே கடலில் இறங்குகிறது. இறங்கியபின் பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கிறது. இடையில் மந்தம் வந்தால் அதனை எளிதில் விலக்கிவிட இயலாது. மொத்தச் சரக்குக் கப்பல்களின் கட்டணத்தை அளக்கும் பால்டிக் குறியீடு 2008 மே மாதத்தில் 11,793 புள்ளிகளைத் தொட்டு, அவ்வாண்டு டிசம்பரில் 663 புள்ளிகளுக்குச் சரிந்தமை இதனாலேயே ஆகும்.

1930களின் பெருமந்தம் இதனினும் கொடியது. 1932-இல் உலகக் கப்பல்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேலையின்றித் துறைமுகங்களில் கட்டிக் கிடந்தது. பின்னாளில் குயின் மேரி எனப் பெயர் பெற்ற கப்பலின் கட்டுமானமே 1931 டிசம்பர் முதல் 1934 ஏப்ரல் வரை நின்று போயிற்று. கப்பல் வரலாறுகள் பெரும்பாலும் இச்செய்திகளோடு அமைந்துவிடுகின்றன. அதே மந்தத்தைப் பேராக்கிலிருந்து நோக்கினால் வேறொரு காட்சி தென்படுகிறது.

பேராக்கின் கடல்வழி வாணிகத்திற்குத் தெலுக் ஆன்சன் (இன்றைய தெலுக் இந்தான்), போர்ட் வெல்ட் (இன்றைய கோலா செப்பெத்தாங்) ஆகிய சிறு துறைகள் இருந்தன. தமிழகத்திலிருந்து பேராக் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களோ பெரும்பாலும் பினாங்கில் இறங்கி, பிறையிலிருந்து இரயிலேறித் தைப்பிங், ஈப்போ பகுதிகளை அடைந்தனர். எனவே இம்மாநிலத்தின் ரப்பர், ஈயம், மனிதர் ஆகிய மூன்றும் கப்பலை நம்பியிருந்தன. மந்தம் இம்மூன்றையும் ஒரே வகையில் தாக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1932-இல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை இரண்டு பென்சுக்கும் கீழே வீழ்ந்தது. ஆயினும் மலாயாவின் ரப்பர் உற்பத்தி அந்த அளவிற்குக் குறையவில்லை. விலை குறையக் குறையச் சிறுதோட்டக்காரர்கள் பால்வெட்டை நிறுத்தாது தொடர்ந்தனர். பெருந்தோட்டங்கள் கூலியைக் குறைத்து உற்பத்தியைக் காத்தன. கப்பலுக்கு வேண்டியது எடையே அன்றி விலையன்று. ஈயத்தின் நிலை இதற்கு மாறானது. 1931-ஆம் ஆண்டு அனைத்துலக ஈய உடன்படிக்கை உற்பத்திக்கு வரம்பிட்டதால் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் பல முடங்கின. விலையை மீட்க வந்த உடன்படிக்கையே ஏற்றுமதிச் சரக்கைக் குறைத்தது.

மூன்றாவதாகிய மனிதப் போக்குவரத்திலேதான் மந்தத்தின் முழு வேகத்தையும் காண்கிறோம். 1926-இல் ஏறத்தாழ 175,000 தென்னிந்தியர் மலாயா வந்தனர். அதே ஆண்டில்தான் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ரஜூலா கட்டி முடிக்கப்பட்டது. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடியது. செழிப்பை நம்பிக் கட்டிய கப்பலுக்கு நான்கே ஆண்டுகளில் மந்தம் எதிர்ப்பட்டது. 1930-இல் உதவிபெற்ற தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டது. 1932-இல் வந்த தென்னிந்தியர் 20,000 பேரைக்கூட எட்டவில்லை.

எனினும் கப்பல்கள் உடனே வெறுமையாகிவிடவில்லை. கூட்டம் திசை மாறியது. 1930 முதல் 1932 வரை வந்தோரைவிடத் திரும்பியோரே மிகுதி. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி முதலாளிகளிடம் வரி பெற்று அமைந்த குடியேற்ற நிதியே தொழிலாளரின் வருகைச் செலவை ஏற்றிருந்தது. இப்போது அந்நிதியும் அரசும் சேர்ந்து திருப்பி அனுப்பும் செலவை ஏற்றன. வேலையற்றவனுக்கு இங்கு உணவளிப்பதினும் பயணச்சீட்டு எடுத்துக் கொடுப்பது மலிவாகத் தோன்றியது. மந்தத்தின் சுமையை நாகைக் கரையில் இறக்கி வைக்கும் கருவியாகக் கப்பல் பயன்பட்டது என்று கூறுவது மிகையாகாது. ஊரில் நிலமோ வேலையோ காத்திருக்கவில்லை என்பது அக்கணக்கில் இடம்பெறவில்லை. தோட்டத்திலேயே பிறந்த குழந்தைகளும் ‘தாயகம் திரும்பியோர்’ என்றே எண்ணப்பட்டனர்.

சீனர் போக்குவரத்தில் சந்தையின் கை வேறு விதமாய் இயங்கியது. 1930 ஆகஸ்டு முதல் வயதுவந்த சீன ஆண்களின் வருகைக்கு வரம்பு வந்தது. பெண்களுக்கு நெடுநாள் வரம்பில்லை. கப்பலை நிரப்ப வேண்டிய முகவர்கள், ஓர் ஆணின் சீட்டுக்கு மூன்று நான்கு பெண் சீட்டுகளையும் சேர்த்து வாங்குமாறு விடுதிக்காரர்களைக் கட்டாயப்படுத்தினர். மலாயாச் சீனரிடையே ஆண், பெண் விகிதம் சீரடைந்ததில் காலி இருக்கைகளைப் பற்றிய இக்கவலைக்கும் பங்குண்டு. தமிழருக்கு இவ்வழி அமையவில்லை. அவர்தம் பயணச்சீட்டு பெரிதும் தோட்டத்தின் தேவையோடு கட்டுண்டிருந்தது.

1934-இல் அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே தொழிலாளர் வருகையும் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது. 1938-இல் ரப்பர் விலை மீண்டும் சரிந்து கூலி குறைக்கப்பட்டபோது, இம்முறை இந்திய அரசே உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. ரஜூலா மட்டும் 1973 வரை அதே நிறுவனத்தின் கொடியோடு ஓடியது. தொழிலாளரைச் சுமக்கக் கட்டப்பட்ட அக்கப்பலில், பிற்காலத்தில் சொந்தக் காசில் சீட்டெடுத்து உறவினரைக் காணச் சென்றவர்களும் ஏறினர்.