'ரஹ்மானியாக்': ஒரு ரசிகர் குழூஉக்குறியின் சொற்பிறப்பு

ஏ.ஆர். ரஹ்மானின் தீவிர ரசிகரைக் குறிக்க வழங்கும் 'ரஹ்மானியாக்' என்னும் சொல், 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தால் அறிமுகமான அவ்விசையமைப்பாளரின் பெயரையும் 'மேனியாக்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் பிணைத்து ஆக்கப்பட்டது. பின்னது, பித்து எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழியது. கலைஞரின் பெயரோடு பித்தை இணைக்கும் வழக்கம் பழையது. பியானோக் கலைஞர் லிஸ்ட்டுக்கு எழுந்த ஆரவாரத்தைக் கவிஞர் ஹைன 1844இல் 'லிஸ்டோமேனியா' என்றார். 1963இல் பிரித்தானிய இதழ்கள் 'பீட்டில்மேனியா' என எழுதின. அவை நிகழ்வைச் சுட்டுவன. ரஹ்மானியாக் ஆளைச் சுட்டுவது.

தொகைச்சொல்லில் இரு சொற்களும் தம் உருவோடு நிற்கும். கலவைச்சொல்லில் ஒன்றன் இறுதி மற்றதன் முதலோடு ஒன்றிவிடும். இங்கு ஒன்றுபவை எம், ஏ, என் என்னும் மூன்று எழுத்துகள். ஆனால் அவ்வொற்றுமை உரோமன் எழுத்தில் மட்டுமே உண்டு. ஒலியில் ஒன்று 'மான்', மற்றது 'மேன்'. எனவே இச்சொல் செவிக்கு முன் கண்ணுக்குப் பிறந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

தமிழில் எழுதும்போதுதான் சிக்கல் எழுகிறது. 'ரஹ்மேனியாக்' எனின் பெயர் சிதையும். 'ரஹ்மானியாக்' எனின் பித்து மறையும். வழக்கு பெயரையே காத்தது. (சேலத்து ஃபேர்லேண்ட்ஸ் போன்ற இடப்பெயரில் இச்சிக்கல் இல்லை, அங்கு ஆய்தத்தின் துணையால் ஒலி நிற்கிறது, பொருளை எவரும் தேடுவதில்லை.) விளைவாக, உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் விதிப்படி இச்சொல் 'ரஹ்மான் + இயாக்' எனப் பிரிகிறது. தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு 'இயாக்' ஏதோ ஒரு விகுதி, அவ்வளவே.

இதனை மரூஉ எனல் பொருந்தாது. சோழநாடு 'சோணாடு' ஆனது வழக்கில் தேய்ந்து. இதுவோ வேண்டுமென்றே சமைத்தது. நன்னூல் தகுதி வழக்கில் வைக்கும் குழூஉக்குறியே நெருக்கமானது. ஆயினும் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது பிறர் அறியாதிருக்க; ரஹ்மானியாக் எனத் தன்னைச் சொல்லிக்கொள்வது பிறர் அறிவதற்காக. குழுவுக்கு உரிமை என்பதில் ஒன்றும் இவை, நோக்கத்தில் எதிரெதிர்.

தமிழ் நிகரன் தேடுவோர் 'வெறியர்' என்பதை நாடுவர். சாதிவெறி, மதவெறி என்னும் தொடர்களின் கறை அதில் படிந்துள்ளது. 'ரசிகர்' சுவையறிவைச் சுட்டுவது. பித்தின் மிகை அதில் இல்லை. சுந்தரர் தம் முதற் பதிகத்தில் சிவனைப் பித்தன் என விளித்ததால் அன்பின் சாயல் ஏறிய 'பித்தர்' என்பதே ஈடாகும். அகராதியில் ஏற்றுவோர் 'ரஹ்மானியாக்' என்பதைத் தலைச்சொல்லாக்கி, பிறப்பு விளக்கத்தில் 'மேனியாக்' என்பதைத் தவறாது காட்ட வேண்டும். இன்றேல் 'இயாக்' விகுதியாகவே பதிவாகிவிடும்.