மேலிருந்து கீழே வந்த கோயில்

சாத்தூரில் பஸ் ஏறி, கோவில்பட்டியில் இறங்கி, அங்கிருந்து சங்கரன்கோவில் பாதையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் கழுகுமலை. பங்குனி உத்திரத்துக்கு முருகனைக் கும்பிடப் போன பிள்ளைகள் நிறையப் பேர் அடிவாரக் கோயிலோடு திரும்பியிருப்பீர்கள். அடுத்த தடவை வீட்டில் அடம்பிடித்தாவது பாறைமேல் ஏறிப் பாருங்கள். மேலே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. வெட்டுவான் கோயில் என்று பெயர். பாண்டியர் காலத்து வேலை. ஏறத்தாழ 1,200 வயது.

வேறு எந்தக் கோயிலுக்குப் போனாலும் அண்ணாந்து பார்த்தால்தான் சிகரம் தெரியும். இங்கே நீங்கள் நிற்கும் பாறை மட்டத்திலேயே சிகரம் நிற்கும். மற்றதெல்லாம் பள்ளத்துக்குள். காரணம், இதை யாரும் கட்டவில்லை. மலைப்பாறையைச் சுற்றிலும் சுமார் 25 அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் விட்ட பாறையையே கோயிலாகச் செதுக்கினார்கள். கல்மேல் கல் வைக்கவில்லை, சுண்ணாம்பு பூசவில்லை. முழுக் கோயிலும் ஒரே கல்.

சரி, மேலிருந்துதான் செதுக்கினார்கள் என்று எப்படித் தெரியும்? கோயிலே சொல்கிறது, ஏனென்றால் வேலை பாதியில் நின்றுவிட்டது. எட்டுப் பட்டைச் சிகரம் முழுசாக முடிந்திருக்கிறது. அதற்குக் கீழே மூலைக்கு மூலை நந்தி. தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறார். கல்லால மரத்தடியில் பாடம் சொல்லும் தட்சிணாமூர்த்தியைத்தான் எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். மிருதங்கத்தோடு பார்ப்பது அபூர்வம். கிழக்கே சிவனும் உமையும், மேற்கே நரசிம்மர், வடக்கே பிரம்மா. கூரை விளிம்புக்கு அடியில் குண்டு குண்டுப் பூதகணங்கள் வரிசையாக ஆடுகின்றன. அதற்கும் கீழே பார்வையை இறக்குங்கள். சுவர் வேலை அரைகுறையாக நிற்கிறது. அடித்தளம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பாறை. கீழிருந்து கட்டிய கோயில் பாதியில் நின்றிருந்தால் சிகரம்தானே இல்லாமல் போயிருக்கும்? எல்லா வேலையும் முடிந்து, மழமழவென்று தேய்த்துவிட்ட கோயிலில் இந்த ரகசியத்தைப் படிக்கவே முடியாது. அதனால்தான் எனக்கு இந்த முடியாத கோயிலை ரொம்பப் பிடிக்கும்.

இப்போது கல்லைப் பற்றி. இது கிரானைட் குடும்பத்துக் கருங்கல். உள்ளே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று பல தாதுக்களின் மணிகள் பின்னிக் கிடக்கும். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. வைரத்துக்கு 10, குவார்ட்ஸுக்கு 7. நல்ல இரும்பு உளிகூட ஏறத்தாழ 6-ஐ ஒட்டித்தான் வரும். அப்படியென்றால் உளி கல்லை அறுப்பதில்லை. ஒவ்வொரு அடியிலும் முனைக்கு நேரே இருக்கும் மணிகளை நொறுக்கிச் சில்லாகத் தெறிக்கவிடுகிறது. அதில் உளியும் மழுங்கிப்போகும். கல்வேலை நடக்கும் இடத்தில் கொல்லருக்கு ஓய்வே இராது. மழுங்கிய உளியைப் பழுக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். திடீரென்று குளிர்ந்தால் எஃகு இறுகும். அதற்காகத்தான் அந்தத் தோய்ப்பு.

வெடி வைத்து உடைத்திருக்கலாமே என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பீர்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்து சீனாவிலேயே 9-ஆம் நூற்றாண்டில்தான் தெரிய வந்தது. கழுகுமலையில் உளி ஓடிய காலத்தில் நம் நாட்டில் அந்தப் பேச்சே இல்லை. எல்லாம் கைவேலைதான். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2,700 கிலோ எடை. அத்தனையையும் சில்லும் துண்டுமாகத்தான் அப்புறப்படுத்தியிருப்பார்கள்.

அதற்கும் ஒரு நுட்பம் இருந்தது. மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட குகைகளில் அதைக் கண்ணால் பார்க்கலாம். பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் பக்கவாட்டில் அடித்துப் பெயர்ப்பார்கள். கருங்கல் பெரிய அழுத்தத்தையும் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ சுலபமாக முறியும். துருத்திக்கொண்டு நிற்கும் கட்டத்தைப் பக்கவாட்டில் அடித்தால் அதன் வேர் வளைந்து முறிகிறது.

மேலிருந்து வந்தால் சாரம் கட்ட வேண்டாம். வெட்டாத பாறையே நிற்கும் தரை. ஆனால் கை தவறினால் ஒட்டவைக்க முடியாது. கீழே பீடம் எவ்வளவு அகலம் வரவேண்டும் என்பதை உச்சியில் முதல் உளி படும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். அந்த எட்டுப் பட்டையை எப்படிச் சமமாகப் போடுவது? ஒரு சதுரம் வரைந்து மூலைவிட்டம் போடுங்கள். காம்பஸில் அந்த மூலைவிட்டத்தின் பாதியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலும் முள்ளை வைத்துப் பக்கங்களில் குறியிடுங்கள். எட்டுக் குறிகள் கிடைக்கும். நான்கு மூலையிலும் அடுத்தடுத்த குறிகளைச் சேர்த்து மூலைகளை வெட்டினால் சரியான எண்கோணம். பாறைமேல் இதைச் செய்யக் கயிறும் முளையும் போதும்.

இப்படி யோசித்தவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. எல்லோராவில் அதே 8-ஆம் நூற்றாண்டில் கைலாசநாதர் கோயிலை மலை உச்சியிலிருந்து இறக்கினார்கள், அது பிரம்மாண்டம். எத்தியோப்பியாவில் லாலிபெலா என்ற ஊரில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பாறையைக் குடைந்து செய்த 11 மாதா கோயில்கள், அதாவது சர்ச்சுகள், இருக்கின்றன. அதில் ஜார்ஜ் புனிதரின் சர்ச், மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். ஏறத்தாழ 40 அடி பள்ளத்துக்குள் நிற்கிறது. அங்கே இன்றும் பூசை நடக்கிறது. ஆனால் அது எரிமலைக் கல். நம் கருங்கல் அளவுக்குக் கடினம் கிடையாது.

வேலை ஏன் நின்றது என்பதற்குக் கழுகுமலையில் ஒரு கதை சொல்வார்கள். அப்பா கீழே கோயில் வேலை, மகன் மேலே. மகனின் கைத்திறனை ஊரார் புகழ்ந்ததைப் பொறுக்காமல் அப்பா அவனைக் கொன்றுவிட்டாராம். கதை கதைதான். இந்தக் கோயிலைச் செய்வித்தவர் பெயர் கல்லில் இல்லை. சிற்பங்களின் சாயலைப் பிற பாண்டியர் வேலைகளோடு ஒப்பிட்டுத்தான் 8-ஆம் நூற்றாண்டு என்று காலம் கணிக்கிறார்கள்.

காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். உச்சி வெயிலில் பாறை காலைச் சுடும், நிழலும் விழாது. சாய்ந்த ஒளியில் சின்ன மேடு பள்ளம்கூட நீளமாக நிழல் போடும். முடியாத சுவரில் உளித் தடங்களை எண்ணிவிடலாம். அப்படியே கொஞ்ச தூரம் நடந்தால், அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக வரும். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்யக் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. குரத்தியார் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.