கரும்புச் சோகையும் கரிமச் சுழற்சியும்

கரும்பு வெட்டு முடிந்ததும் வயலில் கிடக்கும் சோகைக்குத் தீ வைப்பது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. வேலை ஒரே நாளில் முடிகிறது. மறுதாம்புக்கு நிலமும் உடனே தயாராகிறது. ஆனால் அத்தீயில் வயலை விட்டு வெளியேறுவது என்ன என்பதை உழவர்கள் அறிந்துகொள்வது நலம்.

கரிமம் சுழலும் விதம்

பயிரின் உலர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கரிமமாகும். இதனை நாம் உரமாக இடுவதில்லை. சூரிய ஒளியின் துணையால் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து இலைகளே பெற்றுக்கொள்கின்றன. கால்நடைகள் பயிரை உண்டு மூச்சு விடும்போதும், வேரும் தழையும் மட்கும்போதும் கரிமம் மீண்டும் காற்றை அடைகிறது. சிறு பங்கு மட்டும் மட்காகி மண்ணில் பல ஆண்டுகள் தங்குகிறது.

இச்சுழற்சியை மனிதன் மாற்றிவிட்டான். கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் புதைந்திருந்த நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிக்கிறோம், காடுகளையும் அழிக்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளவெடுப்பு தொடங்கியபோது இது சுமார் 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இவ்வாயு வெப்பத்தைத் தேக்குவதால் பூமி சூடேறுகிறது.

சோகைத் தீ நிலக்கரித் தீ போன்றதன்று. சோகையிலுள்ள கரிமம் ஓராண்டுக்குள் காற்றிலிருந்து வந்தது. அடுத்த பயிர் அதை மீண்டும் எடுத்துக்கொள்ளும். எனவே சோகையை எரிப்பதால் முதலில் நஷ்டமடைவது நமது மண்ணே.

மண்ணின் கணக்கு

ஓர் ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண் சுமார் 9 லட்சம் கிலோ எடையுள்ளது. அதில் கரிமம் 0.5 சதம் என்றால் மொத்தம் நாலரை டன். மண் பரிசோதனையில் இதற்குக் கீழ் இருந்தால் 'குறைவு' எனக் குறிக்கப்படும். கரிமம் குறைந்த மண் ஈரத்தைத் தாங்காது. இட்ட உரமும் வீணாகும்.

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1852 முதல் 1871 வரை தொழு உரம் இட்டு நிறுத்திய ஒரு பாத்தியில், நூறாண்டுகளுக்குப் பின்னும் உரமிடாத பாத்தியைவிடக் கரிமம் அதிகமாக இருந்தது. நமது வெப்பத்தில் மட்கு விரைவில் சிதையும். ஆகவே ஆண்டுதோறும் சேர்ப்பது அவசியம்.

எரித்தால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போகிறது. பரப்பினாலும் சோகையின் கரிமத்தில் பெரும்பங்கு காற்றுக்கே திரும்பும். எனினும் அதற்குள் ஈரத்தைக் காத்து, களையை அடக்கி, நுண்ணுயிர்களுக்கு உணவாகி, ஒரு பங்கை மண்ணில் விட்டுச் செல்கிறது.

செய்ய வேண்டியவை

1. மறுதாம்புக் கரும்பில் சோகையைப் பார்களுக்கு இடையே சால்களில் பரப்பலாம்.

2. மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். எனவே சாணக் கரைசலுடன் சிறிது யூரியாவும் தெளிக்க வேண்டும்.

3. பரப்ப இயலாதவர்கள் வரப்போரம் குவித்து, ஈரம் காத்து, மட்கு உரமாக்கலாம்.

4. பயிர் மாற்றும்போது சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும்.

வயல் முழுவதிலும் ஒரே சமயம் செய்ய இயலாவிடில், முதலில் அரை ஏக்கரில் செய்து பாருங்கள். தண்ணீர் கட்டிய பின் எந்தப் பகுதி முதலில் காய்கிறது என்பதைக் கவனித்தாலே வேறுபாடு புலப்படும்.