நிலாவைச் சூடேற்றும் தாளம்

ஜொகூர், பெர்மாஸ் ஜெயா பாலத்தைக் கடப்பவர்கள் கவனித்திருப்பார்கள். ஒரு நேரம் தெப்ராவ் ஆற்று முகத்தில் தண்ணீர் கரையை முட்டி நிற்கும். சில மணி நேரம் கழித்து அதே இடத்தில் சேறு தெரியும். நாளுக்கு இரண்டு முறை கடல் இப்படி ஏறி இறங்க முக்கியக் காரணம் நிலாவின் ஈர்ப்பு.

வியாழன் கோளைச் சுற்றும் அயோ என்ற நிலாவில் கடல் கிடையாது. அங்கே ஏறி இறங்குவது பாறைத் தரை. அதுவும் சுமார் 100 மீட்டர்!

அயோ நம் நிலாவைவிடச் சற்றே பெரியது. வியாழனிலிருந்து அதன் தூரம் ஏறக்குறைய 422,000 கிலோமீட்டர். நம் நிலாவோ பூமியிலிருந்து 384,000 கிலோமீட்டரில் இருக்கிறது. தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், வியாழனின் நிறை பூமியைப்போல் 318 மடங்கு.

இழுப்பு பலமாக இருந்தால் மட்டும் போதாது. அயோ சரியான வட்டத்தில் சுற்றினால் அதன் வீக்கம் ஒரே அளவில் நின்றுவிடும், சூடு பிறக்காது. அப்படி நிற்கவிடாமல் செய்பவை பக்கத்து நிலாக்கள். கனிமீட் ஒரு சுற்று முடிப்பதற்குள் யுரோப்பா இரண்டு சுற்றும் அயோ நான்கு சுற்றும் வந்துவிடும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னப் பிள்ளைகூட உயர ஆட்டிவிடும் அல்லவா? அதுபோல, தாளம் தப்பாமல் கிடைக்கும் சிறு இழுப்புகள் அயோவின் பாதையைச் சற்று நீள்வட்டமாகவே வைத்திருக்கின்றன. வியாழனை நெருங்கும்போது அயோ கூடுதலாக இழுபடுகிறது; விலகும்போது தளர்கிறது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் சூடாவதைப்போல் அதன் உட்புறம் சூடேறி, பாறை உருகுகிறது.

ஸ்டான்டன் பீல், பேட்ரிக் கேசன், ரே ரெனால்ட்ஸ் ஆகிய மூவர் இதைக் கணக்கிட்டு 1979 மார்ச் 2ஆம் தேதி வெளியிட்டார்கள். மூன்றே நாளில் வாயேஜர் 1 விண்கலம் வியாழனை நெருங்கிக் கடந்தது. மார்ச் 8இல் அது எடுத்த படத்தில் அயோவின் எரிமலை பீறிட்டெழுவதை லிண்டா மொராபிட்டோ கண்டுபிடித்தார். கணக்கு பலித்தது! இன்று அங்கே 400க்கும் மேற்பட்ட எரிமலைகள் அறியப்பட்டுள்ளன.

யுரோப்பாவுக்கும் இந்தத் தாளத்தில் பங்கு உண்டு. வியாழன் பக்கம் சூரிய ஒளி நமக்குக் கிடைப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும், யுரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. அந்தக் கடலை உறையவிடாமல் காப்பது இதே ஓதச் சூடுதான் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அப்படியானால், உயிர் வாழச் சூரியனின் வெப்பம் மட்டுமே வழி என்று சொல்ல முடியாது. அங்கே உயிருக்கு ஏற்ற சூழல் உண்டா என்று ஆராய, 2024 அக்டோபரில் புறப்பட்ட யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வியாழன் தெரியும் இரவில் பைனாகுலரை அசையாமல் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சிறு புள்ளிகள்தாம் அந்த நிலாக்கள். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும்.