எந்தச் சட்டத்தின்படி?

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடிப்படை உரிமைகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் ஓர் அதிகாரி "கூடாது" என்றால் அவரிடம் என்ன கேட்பது என்று கேளுங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். அந்தக் கேள்வியைப் பழக்கத்தான் இந்த விளையாட்டு. அடுத்தடுத்து இரண்டு பீரியட் கிடைத்தால் போதும்.

முதல் வேலை, உரிமை அட்டைகள். சார்ட்டைப் போஸ்ட்கார்டு அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் உரிமையையும் மறுபக்கம் அரசியலமைப்பே அதற்கு விதித்திருக்கும் வரம்பையும் எழுதுங்கள். பேச்சுரிமை அட்டையின் மறுபக்கம் நிறைந்துவிடும்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவுக்கு மறுபக்கத்தில் எதையும் எழுத வேண்டாம். பிள்ளைகள் திருப்பிப் பார்த்து, "மிஸ், இதுல ஒண்ணுமே இல்லையே" என்பார்கள். உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள். ஏன் இல்லை என்று அவர்களே பேசித் தீர்க்கட்டும். நம் விளக்கத்தைவிட அந்த வெற்றுத்தாள் நன்றாகப் பேசும்.

அடுத்து வழக்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து வரியில் ஒரு சம்பவம் இருக்கட்டும். சந்தேகத்தில் பிடித்தவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தாமல் மூன்று நாள் காவல் நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். 12 வயதுச் சிறுமி பட்டாசு ஆலையில் வேலை செய்கிறாள். இவற்றுக்கு நடுவே, பக்கத்து வீட்டுக்காரர் கைமாற்றாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை என்பது போல அடிப்படை உரிமையோடு தொடர்பே இல்லாத ஒன்றையும் கலந்துவையுங்கள். எல்லா அநியாயமும் இந்த வாசலுக்கு வராது என்பதும் பாடம்தான்.

ஏழு பேர் ஒரு குழு: மனுதாரர் தரப்பில் இருவர், அரசுத் தரப்பில் இருவர், நீதிபதிகள் மூவர். மனுதாரர் உரிமை அட்டையைத் தேர்ந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். அரசுத் தரப்பு அட்டையைத் திருப்பி, எந்த வரம்பின்கீழ் தடுத்தோம் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதோடு ஒரு தாளையும் நீட்ட வேண்டும். அந்தத் தாளை ஆசிரியரே முன்கூட்டித் தயாரித்துக் கொடுத்துவிடுவார். சிலவற்றின் தலைப்பில் "சட்டம்" என்றிருக்கும், சிலவற்றில் "சுற்றறிக்கை" என்றிருக்கும். இரண்டிலும் முத்திரை, எண், கையெழுத்து எல்லாம் ஒரே மாதிரி. நீதிபதிகள் கண்டுபிடிக்க வேண்டியது, நீட்டிய தாள் சட்டமா சுற்றறிக்கையா என்பதைத்தான்.

இதற்குப் பொருத்தமான வழக்கு கேரளத்தில் நடந்தது. 1985இல் மூன்று குழந்தைகள் பள்ளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர் பெற்ற அதில், 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இருந்தது கல்வித் துறையின் சுற்றறிக்கைதான், பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அது போதாது என்றது. முடிவை முன்பே சொல்லிவிடாதீர்கள். குழு தீர்ப்பெழுதிய பிறகு வாசியுங்கள்.

அடுத்த படியாக ரொமேஷ் தாப்பர் வழக்கைக் கொடுங்கள். 'கிராஸ் ரோட்ஸ்' என்ற அவரது வார இதழ் மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. இங்கே அரசின் கையில் உண்மையான சட்டமே இருந்தது. ஆனாலும் 1950இல் அரசு தோற்றது. அந்தச் சட்டம் காரணமாகச் சொன்ன "பொது ஒழுங்கு" அன்றைய வரம்புப் பட்டியலில் இல்லை. 1951இல் முதல் திருத்தம்தான் அதைச் சேர்த்தது. ஆகவே இந்த வழக்குக்கு மட்டும் 1950இன் பட்டியல் எழுதிய பழைய அட்டையைக் கொடுக்க வேண்டும். தடுக்கச் சட்டம் வேண்டும், அந்தச் சட்டத்துக்கும் எல்லை உண்டு என்ற இரண்டாவது படியைப் பிள்ளைகள் ஏறுவது இங்கேதான்.

தீர்ப்பு மூன்று வாக்கியம்: எந்த உரிமை, தடுத்தது சட்டமா, காரணம் பட்டியலில் உண்டா. கை தூக்கி முடிவெடுக்க விடாதீர்கள். உடன்படாத நீதிபதி தன் காரணத்தைத் தனியாக எழுதலாம். மதிப்பெண் வெற்றிக்கு வேண்டாம், காரணத்துக்கு மட்டும். பிறகு தரப்புகளை மாற்றி அதே வழக்கை மறுபடி நடத்துங்கள். நேரம் போதாவிட்டால் ஒரு வழக்கைக் குறைத்துக்கொள்ளலாம், இந்த மாற்றத்தைக் கைவிடக் கூடாது.

தேநீர்க் கடையில் சாதி பார்த்துத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை வழக்கையும் அட்டைகளில் சேர்த்தால், அது வரும்போது கூடுதல் கவனம் தேவை. தீண்டாமைக்கு ஆதரவாக வாதாடும்படி எந்தக் குழந்தையையும் நிறுத்தாதீர்கள். விளையாட்டுக்காகக் கூட வேண்டாம். 17ஆம் பிரிவு கடைக்காரரையும் கட்டுப்படுத்துகிறது. அதனால் அரசுத் தரப்பிடம் கேட்க வேண்டியது, புகார் வந்தும் ஏன் இன்னும் வழக்குப் பதியவில்லை என்பதே. வகுப்பில் இருக்கும் எவருடைய ஊரையும் தெருவையும் நினைவுபடுத்தும் விவரம் அட்டையில் இருக்கக் கூடாது.

இரண்டாவது பீரியடின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு வெற்று அட்டை கொடுத்து, தாங்கள் பார்த்த ஒரு "கூடாது"வைப் பெயர், இடம் குறிப்பிடாமல் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரத்து வழக்குகளை அவற்றிலிருந்தே எடுக்கலாம். பள்ளியைப் பற்றியே சில வரும். அவற்றை ஒதுக்கிவிடாமல் சேருங்கள். அரசுத் தரப்பு நாற்காலியில் அன்றைக்கு ஆசிரியரே உட்காரட்டும்.