கொழுத்துத் தூங்கும் குட்டி உயிர்!

'கொழுப்பைக் குறைங்க' என்று டாக்டர்கள் விரட்டுவது நம்மைத்தான். வட அட்லான்டிக் கடலில் ஓர் உயிர், கொழுப்பு சேர்ப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கிறது. அதனால் பூமிக்கு லாபம்!

பெயர், கலானஸ். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். ஓர் அரிசி அளவுகூட இருக்காது. நீரோட்டம் இழுத்த பக்கம் மிதந்துபோகும்.

வசந்தம் வந்ததும் கடலின் மேற்பரப்பில் நுண்பாசிகள் பெருகும். நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்து, சூரிய ஒளியில் உணவு சமைப்பவை அவை. அவற்றைத் தின்று தின்று, உடம்புக்குள் இருக்கும் எண்ணெய்ப் பையை நிரப்பிக்கொள்கிறது கலானஸ். கண்ணாடி மாதிரியான உடம்பு என்பதால், நிறைந்த பை வெளியிலிருந்தே தெரியும். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், உடல் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய்தான் இருக்கும்.

பிறகு கீழே பயணம். 600 முதல் 1,400 மீட்டர் ஆழம் வரை இறங்கி, கும்மிருட்டில் மாதக்கணக்கில் உறக்கம். சாப்பாடே கிடையாது, சேர்த்த எண்ணெயைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க வேண்டும். அப்போது அது மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடு, ஆழ்கடல் நீரிலேயே கரைந்துவிடுகிறது. குளிர்காலப் புயல்கள் கடலைக் கலக்கினாலும், அவ்வளவு ஆழத்தைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அந்தக் கார்பன் மறுபடி காற்றுக்கு வர நூற்றாண்டுகள்கூட ஆகலாம். வசந்தத்தில் மேலே வந்து முட்டையிட்டால், அடுத்த தலைமுறை ரெடி.

செத்த பாசிகளும் கழிவுகளும் மூழ்கும்போது கார்பன் கீழே போவது விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரியும். வட அட்லான்டிக்கில் கலானஸின் உறக்கமும் ஏறக்குறைய அதே அளவு கார்பனை இறக்குகிறது என்று, டென்மார்க் ஆய்வாளர் சிக்ருன் யோனாஸ்டோட்டிரின் குழு 2015-ல் கணக்குச் சொன்னது. அதுவரை கணக்கிலேயே வராத உழைப்பு!

அன்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலிலும் இதே கதை. அங்கே இப்படி இடம்பெயரும் மிதவை உயிர்கள் ஆண்டுக்குச் சுமார் 6.5 கோடி டன் கார்பனை ஆழத்துக்குக் கொண்டுபோகின்றன என்கிறது 2025-ல் வெளியான ஆய்வு. அதில் பெரும்பங்கு கலானஸ் வகையறாவுக்கே.

ஆனால், கலானஸுக்குக் குளிர்ந்த நீர்தான் ஒத்துவரும். கடல் சூடாக ஆக, வடக்கே நகர்கிறது. பிரிட்டனுக்குக் கிழக்கேயுள்ள வட கடலில், 1960-களில் இருந்ததில் சுமார் 70 சதவிகிதம் குறைந்துவிட்டது.

போதாக்குறைக்கு, அந்த எண்ணெய் மனிதர்களின் கண்ணிலும் பட்டுவிட்டது. நார்வே 2019-ல் கலானஸை வணிகரீதியாகப் பிடிக்க அனுமதித்து, ஆண்டுக்கு 2,54,000 டன் என்று வரம்பு வைத்தது. கடலில் இருக்கும் மொத்தத்தில் இது சொற்பம் என்பது அவர்கள் வாதம். பிடிபட்டதன் எண்ணெய் அடிக்கடலுக்குப் போவதில்லை. ஒமேகா-3 கேப்ஸ்யூலாக மருந்துக்கடை அலமாரிக்குப் போகிறது.